பத்து வரிக்கு ஓர் அட்டை

ஐப்பசி மழையில் ஜெல் பேனாவால் தீபாவளி வாழ்த்து எழுதக்கூடாது. இதை எழுதுகிறவர் எழுதிப் பட்டவர். தென்காசி போய்ச் சேர்ந்த அஞ்சலட்டையில் வாழ்த்து முழுக்க நீலக் கறை. விலாசம் மட்டும் தப்பித்தது. அதைத் தபால் ஆபீஸ் மேசையில் நூல் கட்டிக் கிடந்த பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார். "என்ன மாப்ளே, படம் வரைஞ்சு அனுப்பியிருக்கீங்க?" என்று மாமா போனில் கேட்டார். அன்றிலிருந்து இவர் பையில் பால்பாயின்ட் பேனாதான்.

கறை பட்டாலும் அந்த அட்டையை மாமா தூக்கிப் போடவில்லை. சுவர்க் காலண்டர் ஆணியில் பொங்கல் வரை தொங்கியது. அதே தீபாவளிக்கு அவருடைய வாட்ஸ்அப்பில் குவிந்த விளக்குப் படங்கள் மறுநாளே அழிந்தன. ஒரே படம் இருநூறு பேருக்குப் போகிறது என்பது பெறுகிறவருக்கும் தெரியும் அல்லவா?

அஞ்சலட்டை பிறந்தது ஆஸ்திரியா-ஹங்கேரியில், 1869 அக்டோபர் 1 அன்று. இந்தியாவுக்கு வந்தது 1879 ஜூலையில். விலை கால் அணா. மூடாத கடிதம் என்பதால் கொண்டுவருகிறவரும் படிக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிய காலமும் உண்டு. ஆகவே கடன் பாக்கி, மருமகள் மீதான வருத்தம் போன்றவை ஒட்டி மூடும் இன்லேண்ட் கடிதத்தில் போகட்டும்.

'எழுதுவதற்கு விஷயமே இல்லையே' என்பதுதான் பலரும் சொல்லும் சாக்கு. அதற்குப் பதில் எழுத்தாளர் வல்லிக்கண்ணன். திருநெல்வேலி ராஜவல்லிபுரத்துக்காரர்; 1978இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். எங்கோ ஒரு சிறுபத்திரிகையில் யாரோ ஓர் இளைஞரின் கதை வந்தால், அதைப் படித்துவிட்டு அட்டை எழுதிப் போடுவார். அவருக்கு அது நாள் தவறாத வேலை போல. 2006இல் அவர் மறைந்தபோது, 'எனக்கும் ஒரு கார்டு வந்தது' என்று நினைவுகூர்ந்த எழுத்தாளர்கள் பலர். அந்த அட்டைகளில் பெரிய விமர்சனம் ஏதும் இருக்க இடமில்லை. 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். அதிலும் ஒரு பக்கத்தில் பாதி விலாசத்துக்கு. உன்னுடையதைப் படித்தேன் என்கிற செய்திக்கு அவ்வளவு இடம் போதும்.

இந்தக் கட்டுரையாளர் கற்ற பாடமும் அதுதான். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி 'மற்றவை நேரில்' என்று முடித்த கடிதங்களுக்குப் பதில் வந்ததே இல்லை. கொல்லை முருங்கை காற்றில் முறிந்ததையும், எதிர்வீட்டு நாய் தன் செருப்பைக் கவ்விப் போனதையும் எழுதியபோது சித்தியிடமிருந்து நான்கு பக்கம் வந்தது. கடைசி வரியில் ஒரு கேள்வி வைத்தால் இன்னும் நல்லது. 'உன் புளிக்குழம்பில் வெந்தயம் எப்போது போடுவாய்?' என்று கேட்டுப் பாருங்கள், பதில் எழுதாத பெரியம்மா இருக்க முடியாது.

தேதியோடு ஆண்டையும் போடுங்கள். எழுத்தாளர் கு. அழகிரிசாமி தனக்கு எழுதிய கடிதங்களை இடைசெவல் நண்பர் கி. ராஜநாராயணன் பத்திரப்படுத்தியதால்தான் அவை பிறகு புத்தகமாக வந்தன. நம் கடிதம் புத்தகமாகப் போவதில்லை, உண்மைதான். ஆனாலும் டிரங்குப் பெட்டியைத் திறக்கும் பேத்திக்கு வெறும் 'ஆடி 12' என்பதை வைத்து என்ன புரியும்? தபால் முத்திரையை நம்பாதீர்கள். பாதிக்கு மேல் மங்கல்தான்.

பின்கோடும் முக்கியம். 1972 ஆகஸ்ட் 15இல் வந்த ஆறு இலக்க முறை அது. தமிழ்நாட்டு ஊர்களுக்கெல்லாம் 6இல் தொடங்கும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் மாவட்டங்களில் அதுதான் காப்பாற்றும். இன்லேண்ட் கடிதத்தில் ஒட்டும் மடிப்பின் ஓரம் வரை எழுதாமல் ஒரு விரல் இடம் விடுங்கள். பிரிக்கும்போது கிழிவது எப்போதும் முக்கியமான வரியாகவே இருக்கும்! குழந்தைகள் செய்யும் வாழ்த்து அட்டையில் மணியும் ஜிகினாவும் அதிகமானால் எடை ஏறும். தபால் தலை பற்றாமல் போனால் பெறுகிறவர்தான் அபராதம் கட்டி வாங்க வேண்டியிருக்கும்.

எழுதியாகிவிட்டதா? சட்டைப் பையிலேயே வைத்துத் துவைத்துவிடாதீர்கள், அதுவும் நடந்திருக்கிறது. தெருமுனைச் சிவப்புப் பெட்டியின் மேல் தபால் எடுக்கும் நேரம் எழுதியிருக்கும். பார்த்து, அதற்கு முன்னால் போட்டுவிடுங்கள்.