கரைவலையும் கணினித் திரையும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் உள்ள ஊர் தலவில. புனித அன்னம்மாள் ஆலயத்தால் நாடறிந்த ஊர். ஆலயத்தைத் தாண்டினால் கடல். அந்தக் கரையோரத்தின் பழைய தொழில்களில் ஒன்று கரைவலை. வேலைக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள அத்தொழில் நமக்கு நல்லதொரு பாடம்.

ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் செல்லும். வலையை அரைவட்டமாக வளைத்து, மறு கயிற்றுடன் சற்றுத் தள்ளிக் கரைசேரும். பின்னர் இரு அணியாக நின்று இழுப்பார்கள். தனியொருவர் இழுத்தால் வலை அசையாது. எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் மடி கரைக்கு வரும். அந்த மூச்சை ஒழுங்குபடுத்தப் பிறந்தவையே அம்பாப் பாடல்கள்.

மே மாதமளவில் சோழகம் எழுந்ததும் மேற்குக் கடல் கொந்தளிக்கும், கரைவலை ஓயும். வருமானம் குறையும் அந்த மாதங்களை விடுமுறை என்று அழகுபடுத்த முடியாது. ஆயினும் “இன்றைக்கு இவ்வளவுதான்” என்று சொல்லும் ஓர் எல்லை அத்தொழிலில் உண்டு. எவ்வளவு அவசரப்பட்டாலும் கடல் கேட்காது.

நம்மிற் பலர் நாளை ஆசிரியைகளாக, தாதியராக, கணக்காளர்களாக வரப்போகிறோம். அங்கே வேலையை நிறுத்தச் சோழகம் வராது. மின்விளக்கு இரவைப் பகலாக்கும். கைப்பேசி படுக்கை வரை வேலையைக் கொண்டுவரும். பெண்களுக்கோ அலுவலக வேலை முடியும் இடத்தில் அடுப்படி வேலை தொடங்கும். களைத்த மனம் முதலில் இழப்பது பொறுமையை. மாணவி வெறும் புள்ளியாகவும் நோயாளி வெறும் கட்டில் இலக்கமாகவும் தெரியத் தொடங்குவது அப்போதுதான்.

இதற்கு இயற்கை எவ்வாறு உதவுகிறது? அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும் 1989இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினர். கணக்குப் பார்க்கவும் திருத்தவும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும். அலையும் இலையசைவும் மேகமும் மனத்தை வலிக்காமல் ஈர்ப்பதால் அந்தக் கவனம் ஓய்வு பெறுகிறது.

பென்சில்வேனியாவின் வைத்தியசாலை ஒன்றில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளை ரொஜர் உல்ரிச் ஆராய்ந்தார். யன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பியதாக 1984இல் அவர் எழுதினார். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வொன்றில், வாரத்துக்குக் குறைந்தது 120 நிமிடம் இயற்கையில் கழித்தவர்களில் கூடுதலானோர் தாம் நலமாக இருப்பதாகக் கூறினர். இயற்கைதான் அதற்குக் காரணம் என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. எனினும் அது காட்டும் தொடர்பைப் புறக்கணிக்க முடியாது.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. ஐவேளைத் தொழுகையின் நேரங்கள் சூரியனின் நகர்வோடும், நோன்பும் பெருநாளும் பிறையோடும் பிணைந்தவை. வேலையை நிறுத்தி வானத்தைக் கவனிக்கும் வழக்கம் நம் நாளுக்குள்ளேயே இருக்கிறது. மணிக்கூட்டை மட்டும் பார்க்கப் பழகிய நாம் அதை மறந்துவிடுகிறோம்.

120 நிமிடத்தை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 நிமிடம். அஸருக்குப் பின் முற்றத்து வேப்பமரத்தடியில், கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, அந்த நேரம் இருக்கலாம். தோழியொருத்தி உடனிருந்தால் இன்னும் நல்லது. வலையைப் போலவே களைப்பையும் பலர் சேர்ந்தால் இலகுவாக இழுக்கலாம்.

ஆனால் இதைத் தனியொருத்தியின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடக் கூடாது. நாளை ஒரு பாடசாலையோ வைத்தியசாலையோ அலுவலகமோ நம் பொறுப்பில் வரக்கூடும். அப்போது அங்கே வேலை செய்பவர்களுக்கு ஒரு மர நிழலையும், அதன் கீழ் அமரச் சிறிது நேரத்தையும் ஒதுக்கிக் கொடுப்போம். சோழகம் நிறுத்தாத வேலைக்கு எல்லை போட வேண்டியவர்கள் நாமே.