கணினி இயங்க மறுத்தால்: பதற்றமின்றிச் சோதிக்கும் முறை

பொத்தானை அழுத்துகிறோம்; விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை, திரையில் ஓர் எழுத்தும் தோன்றவில்லை. மற்ற நாள்களில் இது வெறும் தொல்லை. 20ஆம் தேதியன்று இதுவே செலவாக மாறிவிடும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்கு அளிக்கும் வணிகர்களுக்கு, ஒரு மாதத்திற்குரிய ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அளிப்பது பொதுவான விதி. வரி செலுத்த வேண்டியவர் தவறவிட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் சேரும். ஆகவே, கணினி இயங்காதபோது எதை முதலில் செய்வது, எதைச் செய்யாதிருப்பது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் வங்கிக் கணக்கு நம் கணினிக்குள் இல்லை. அது வங்கியின் தரவு மையத்தில் பாதுகாப்பாக உள்ளது. ஜி.எஸ்.டி. தளத்தையும் நம்பகமான வேறு கணினியிலிருந்து திறக்க இயலும். கணினிப் பெட்டிக்குள் இருப்பவை நம் விற்பனைப் பட்டியல்கள், கணக்கேடுகள், உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் ஆகியவையே. எனவே நாம் காக்க வேண்டியது முதலில் தரவு. இயந்திரம் அதற்கு அடுத்தது.

சுவரிலிருந்து தொடங்குவோம்

பழுது பல நேரங்களில் பெட்டிக்கு வெளியிலேயே இருக்கும். ஆதலால் மின்சாரம் வரும் வழியிலேயே நம் சோதனையும் செல்லட்டும். சுவரிலுள்ள பிளக்கில் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பார்ப்போம். மின்சாரம் வந்தால், அடுத்தது யு.பி.எஸ். அதன் விளக்கு எரிவதாலேயே அது நன்றாயுள்ளது என்று கொள்ள வேண்டாம். கணினியின் மின்வடத்தை நேரே சுவர் பிளக்கில் இணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கணினி இயங்கினால் குறை யு.பி.எஸ்.ஸில்தான், பெரும்பாலும் அதன் மின்கலம் மூப்படைந்திருக்கும்.

அடுத்து, கணினியின் பின்புறத்தில் மின்வடம் நுழையும் இடத்தைப் பார்ப்போம். அங்கு எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிக்கு உரிய சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கலாம். அதில் நேர்கோட்டுக் குறி இயக்கத்தையும் வட்டக் குறி நிறுத்தத்தையும் காட்டும். கூட்டித் துடைக்கும்போது கை பட்டு அது அணைந்திருப்பதுண்டு. மின்வடத்தை ஒருமுறை கழற்றி அழுத்திச் செருகுவதும், வேறு வடம் இருந்தால் மாற்றிப் பார்ப்பதும் பயன் தரும்.

மடிக்கணினியாயின் சார்ஜரையும், கழற்றத்தக்கதாயின் மின்கலத்தையும் நீக்கிவிட்டு, பொத்தானை 30 விநாடிகள் தொடர்ந்து அழுத்திப் பிடிப்போம். உள்ளே தங்கியுள்ள மின்னூட்டம் இதனால் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் இணைத்து இயக்கிப் பார்ப்போம். டைப்-சி முனை உள்ள மடிக்கணினிக்குக் கைப்பேசி சார்ஜர் பொருந்தும். ஆயினும் அதன் வாட் அளவு போதாமற்போகலாம்.

கருகிய வாடை வீசினாலோ, உள்ளே நீர் புகுந்திருந்தாலோ, மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தாலோ சோதனையை அங்கேயே நிறுத்தி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணத்தாலும் திறத்தல் ஆகாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் அதிலுள்ள மின்தேக்கிகளில் அபாயகரமான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

அறிகுறியும் காரணமும்

விளக்கும் விசிறியும் இயங்கித் திரை மட்டும் இருண்டிருந்தால், முதலில் மானிட்டரின் மின்வடத்தையும் கணினியோடு இணைக்கும் வடத்தையும் சரிபார்ப்போம். விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதற்குரிய விளக்கு எரிந்து அணைந்தால், கணினி இயங்குகிறது, குறை திரையிலோ வடத்திலோ உள்ளது என்று ஊகிக்கலாம்.

பீப் ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால், நினைவகமான ரேம் அதன் இடத்தில் சரியாகப் பொருந்தாதிருக்கலாம். உத்தரவாதக் காலம் முடிந்த மேசைக்கணினியாயின், மின்வடத்தை நீக்கியபின் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மென்மையான அழிப்பானால் துடைத்து மீண்டும் செருகலாம். உத்தரவாதம் நடப்பில் இருந்தால் பெட்டியைத் திறக்காமல் நிறுவனத்தின் சேவை மையத்தை அணுகுவதே முறை.

திரையில் எழுத்து தோன்றி, இயக்க வேண்டிய வட்டு இல்லை என்ற செய்தி வந்தால், யு.எஸ்.பி. துளையில் பென் டிரைவ் செருகியபடி உள்ளதா என்று பார்ப்போம். கணினி அதிலிருந்து தொடங்க முயன்று தோற்றிருக்கலாம்.

கணினி இயங்கியும் வங்கித் தளம் மட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், கணினியின் தேதியை நோக்குவோம். மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குப் பொருந்தாமையால் எச்சரிக்கை எழுகிறது. தேதியைத் திருத்தி மின்கலத்தை மாற்றினால் போதும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடித்தால் அத்தளத்தில் கடவுச்சொல்லை இடவே கூடாது.

பிறர் கையில் கொடுக்குமுன்

இவ்வளவு செய்தும் பயனில்லையெனில் பழுதுபார்ப்பவரை நாட வேண்டியதே. அவரைத் தேடும் வேளையில்தான் பலர் ஏமாறுகின்றனர். இணையத் தேடலில் முதலில் தோன்றும் எண்கள் யாவும் உண்மையான சேவை மைய எண்கள் அல்ல. வாங்கிய ரசீதிலோ உத்தரவாத அட்டையிலோ உள்ள எண்ணையே அழைப்போம். தொலைவிலிருந்து சரிசெய்வதாகக் கூறிக் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவச் சொல்பவருக்கும், கட்டணத்திற்கென ஓ.டி.பி. கேட்பவருக்கும் இணங்க வேண்டாம். பணம் பறிபோனால் உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற எண்ணிலும் புகார் செய்ய வேண்டும். புகார் எவ்வளவு விரைவில் சேருகிறதோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகும்.

கணினியை ஒப்படைக்குமுன் வேறொரு சாதனத்திலிருந்து இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவோம். கழற்ற இயலுமாயின், தரவு வட்டை எடுத்து வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுக்கலாம். தரவை அழிக்க வேண்டியிருந்தால் முதலில் நம் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குவது நலம்.

கணினி நலமாயுள்ள நாளில்

கணக்கேடுகளின் நகலை வாரம் ஒருமுறையேனும் வெளி வட்டில் எடுத்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைப்போம். விண்டோஸ் கணினிகளில் பிட்லாக்கர் என்னும் குறியாக்கம் இயங்கினால், மதர்போர்டை மாற்றும்போதோ வட்டை வேறு கணினியில் பொருத்தும்போதோ 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படும். அது இல்லையேல் வட்டு நன்றாயிருந்தும் உள்ளிருப்பதை நாமே படிக்க இயலாது. அவ்வெண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி, முக்கிய ஆவணங்களோடு வைப்போம். படிவங்களையும் இறுதி நாளுக்குச் சில நாள்கள் முன்னரே அளித்துவிடுவோமாயின், 20ஆம் தேதியன்று கணினி இயங்க மறுத்தாலும் அதனால் அபராதம் வராது.