கரை நகரும் தீர்த்தம்

டாலிகஞ்சில் மெட்ரோ ரயில் பாதையின் தூண்களுக்கிடையே கறுத்துக் கிடக்கும் கால்வாயைக் கங்கை என்று சொன்னால் புதியவர்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் அதுவே ஆதிகங்கை. கங்கையின் நீரோட்டம் முற்காலத்தில் காளிகட்டம், டாலிகஞ்ச், கரியா, பாருய்ப்பூர் வழியாகத்தான் கடலை நோக்கிச் சென்றது. தூர்ந்துபோன அத்தடத்தை 1775-77இல் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேயர் தூர்வாரினார்; ஊருக்கும் அவர் பெயரே நிலைத்தது.

அங்கிருந்து கங்காசாகருக்குக் காரில் புறப்பட்டோம். டயமண்ட் ஹார்பரில் ஆறு கடல்போல் விரிகிறது. காக்துவீப்பை அடுத்த படகுத்துறையில் சாலை முடிகிறது. முரிகங்கையைக் கடக்க லாஞ்சு உண்டு. நீர்வற்றம் வந்தால் அது சேற்றில் நின்றுவிடும், ஓதம் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அக்கரையான கசுபேரியாவிலிருந்து மேலும் முப்பது கிலோமீட்டர். மற்றத் தீர்த்தங்களுக்குப் பலமுறை, சாகருக்கு ஒருமுறை என்று வடநாட்டார் சொல்வது ஏன் என்பது அந்தத் துறையில் விளங்கும்.

சாகரின் கரை பாறையன்று, வெறும் வண்டல். அலை அதை அறுத்தெடுக்கிறது. வேர் தெரியச் சாய்ந்த மரங்களைக் காணலாம். சகர மன்னனின் அறுபதினாயிரம் புதல்வர்கள் கபில முனிவரின் பார்வையில் சாம்பலானதும், பகீரதன் கங்கையைக் கொணர்ந்ததும் இத்தலத்தின் வரலாறு. முனிவரின் பழைய கோயில்களைக் கடல் கொண்டுவிட்டது. இப்போதுள்ளது 1970களில் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. அதையும் அலை நெருங்கி வருகிறது.

மாறிக்கொண்டேயிருப்பது பிரகிருதி, அதைக் காணும் புருஷன் மாறுவதில்லை என்பது கபிலரின் சாங்கியம். அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது என்று லாஞ்சில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அருகில் அமர்ந்திருந்த முதியவரோ கோராமாரா தீவிலிருந்து சாகருக்குக் குடிபெயர்ந்தவர். அத்தீவு 1970களில் இருந்த பரப்பில் பாதிக்குமேல் இழந்துவிட்டது. பக்கத்து லோஹாசாரா மூழ்கியே போயிற்று. 2021 மே 26 அன்று அடித்த யாஸ் புயலில் உப்புநீர் ஏறித் தம் வெற்றிலைக் கொடிக்கால் கருகியதை அவர் நிதானமாகச் சொன்னார். அவரிடம் போய்ப் பிரகிருதி என்று சொல்ல நாவெழவில்லை.

சொல்லாததே முறை என்று இப்போது படுகிறது. பாகவதத்தில் கபிலர் தாமாக உபதேசம் தொடங்கவில்லை. உலக வாழ்வில் சலித்துத் தாய் தேவஹூதி வந்து கேட்கிறாள், அதன்பின்தான் பேசுகிறார். கேட்டவருக்கு அது மருந்து. கேளாதவரின் துயரத்தின்மீது எறிந்தால் கல். நம்மில் பலர், கற்ற வேகத்தில், எறிந்துவிடுகிறோம்.

இறங்கும்போது பெரியவர் மடியிலிருந்து நான்கு வெற்றிலைகளை எடுத்துக் கொடுத்தார். புதிய கொடிக்காலில் விளைந்தவையாம். கபிலரின் சந்நிதியில் வைத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அவ்வாறே வைத்தோம்.