தொலைவிலுள்ள கணினிகளை ஆளும் கருவியை வகுத்தல்

பனமரத்துப்பட்டி ஏரி, சேலம் நகரத்தார்க்குக் குடிநீர் அளிக்கும் பொருட்டு ஆங்கிலேயர் ஆட்சியில் அமைக்கப்பட்டதென்பதை நம் மாணவர் அறிவர். நீர் ஓரிடத்தும் அதனைப் பருகுவோர் வேறோரிடத்தும் இருப்பின், மதகின் திறவுகோல் எவரிடம் இருத்தல் வேண்டும் என்னும் வினா உடனே எழும். பல கணினிகளைத் தொலைவிலிருந்து ஆளுதற்குரிய மென்பொருளொன்றை ஆக்கப் புகுவார்க்கும் முதல் வினா இதுவே.

அக்கருவியின் தொழில் யாது? ஓர் அலுவலகத்தின் ஐம்பது சர்வர்களுடைய முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைப் பட்டியலாகத் தொகுத்து, வேண்டியதனைத் தொட்ட மாத்திரத்தில் இணைத்துத் தருதலாம். லினக்ஸ் கணினிகளை எஸ்.எஸ்.எச். முறையாலும், விண்டோஸ் கணினிகளை ஆர்.டி.பி. முறையாலும் அணுகுதல் வழக்கம். பழைய டெல்நெட் முறையிலோ கடவுச்சொல் மறைவின்றியே கம்பியிற் செல்லும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒற்றறியப்பட்டமையாலன்றோ, டாட்டு இலோனென் என்பார் 1995-ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எச். முறையை இயற்றினார்!

தொடக்கத்தார் பெரும்பாலும் திரையின் அழகையே முதலில் வகுக்கின்றனர். திரையைப் பின்னர் எளிதில் மாற்றலாம். இரகசியங்களை வைக்கும் முறையைப் பின்னர் மாற்றுதல் அரிது. பலரும் கையாளும் எம்ரிமோட்என்ஜி என்னும் கருவியை நோக்குவோம். பயனர் தமக்கெனத் தலைமைக் கடவுச்சொல் அமையாவிடின், மூல நிரலில் எவரும் காணுமாறு எழுதப்பட்டிருந்த ஒரு சொல்லே அதன் பட்டியலுக்குத் திறவுகோலாயிற்று. அன்றியும், எவ்விணைப்பும் தொடங்குமுன்னரே பட்டியல் முழுவதும் பூட்டு நீங்கி நினைவகத்தில் வெளிப்படையாய்க் கிடந்தமை 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நல்ல கருவிக்கும் இஃது நேருமாயின், புதியதாக ஆக்குவோர் எத்துணைக் கவனமாயிருத்தல் வேண்டும்!

ஆகவே நாம் வகுக்கும் கருவியில், தலைமைக் கடவுச்சொல்லின்றிப் பட்டியல் தோன்றவே கூடாது. அச்சொல்லிலிருந்து திறவுகோலை ஆக்குதற்கு ஆர்கான்2 போன்றதொரு முறை ஏற்றது. காலத்தையும் நினைவகத்தையும் வேண்டுமென்றே மிகுதியாகச் செலவிடுமாதலின், ஊகித்துத் திறக்க முயல்வோன் சலிப்படைவான். எக்கணினியோடு இணைகின்றோமோ அதன் கடவுச்சொல் மட்டுமே, அந்நேரத்தில் மட்டுமே, பூட்டு நீங்குதல் தகும்.

மறுமுனையிலிருப்பது நாம் கருதிய கணினிதானா என்பதும் ஆராயத்தக்கது. முதலிணைப்பில் அதன் அடையாளச் சாவியைக் குறித்துக்கொண்டு, பின்னர் அது மாறக் காணின் கருவி நின்றுவிடல் வேண்டும். கணினியைப் புதிதாக நிறுவினும் சாவி மாறுமாதலின், பொறுப்பாளரைக் கேட்டறியுமாறு அது பயனருக்குச் சொல்லுக. “ஆம்” என்றொரு பொத்தானை மட்டும் காட்டினால், எவரும் படியாமலே அழுத்துவர்.

இனி, ஊழியர் ஒருவர் விலகும் நாளையும் எண்ணுதல் வேண்டும். யாவரும் ஒரே கடவுச்சொல்லைக் கையாண்டிருப்பின் ஐம்பது சர்வர்களிலும் அதனை மாற்றியாக வேண்டும். ஒவ்வொருவர்க்கும் தனித்தனி எஸ்.எஸ்.எச். சாவி இருப்பின், விலகியவருடைய சாவியொன்றை நீக்கினாற் போதும். ஏனையோர் வேலை தடைப்படாது.