ஒன்றா, இரண்டா, மூன்றா?

கல்லில் பதிந்து கிடக்கும் பழங்கால உயிரினத்தின் தடயத்தைப் புதைபடிவம் என்கிறோம். அது எந்தப் பிராணியுடையது என்று அடையாளம் காண்பது அத்தனை சுலபமல்ல. கிடைத்த துண்டையே முழுப் பிராணி என்று எண்ணிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா நாட்டில் நடந்த ஒரு விஷயம் நல்ல பாடம்.

ராக்கி மலைகளைக் கடந்து செல்லும் கனடியன் பசிபிக் ரயில் பாதை 1885-இல் இணைக்கப்பட்டது. அப்பாதையில் ஃபீல்டு என்றொரு சிற்றூர். அதையடுத்த ஸ்டீபன் மலையில் 1886 முதல் புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். அவற்றில் ஒன்று வளைந்து, கணுக்கணுவாக, உட்புறம் முட்களுடன் இருந்தது. வைட்டீவ்ஸ் என்ற அறிஞர் 1892-இல் அதைத் தலை இழந்த இறால் போன்ற பிராணியின் உடல் என்று கருதி, 'அனோமலோகாரிஸ்' எனப் பெயரிட்டார். 'விசித்திர இறால்' என்று பொருள்.

1909-இல் வால்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே வட்டாரத்தில் 'பர்ஜஸ் ஷேல்' படிவங்களைக் கண்டார். சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிச் சேறு இறுகிய பாறை அது. 1911-இல் அவர் மேலும் இரண்டு பிராணிகளை விவரித்தார். ஒன்று, அன்னாசிப்பழ வில்லை போன்ற வட்டம். சுற்றிலும் 32 தட்டுகள், நடுவே துளை. அதை ஜெல்லி மீன் என்று கருதி 'பெய்டோயா' என்றார். மற்றொன்று நசுங்கிய பை போன்றது. அதைக் கடல் வெள்ளரி வகை என்று கருதி 'லக்கானியா' என்றார்.

ஆக மூன்று பெயர்கள், மூன்று பிராணிகள். பல பத்தாண்டுகள் இதுவே நிலைத்தது.

1978-இல் கான்வே மாரிஸ் லக்கானியா கல்லை மறுபடி ஆராய்ந்தார். அதன் வாய் இருக்குமிடத்தில் பெய்டோயா ஒட்டியிருந்தது. ஆனால் ஒரு கடற்பஞ்சின்மேல் ஜெல்லி மீன் தற்செயலாக விழுந்து படிந்துவிட்டது என்றே அவர் விளக்கம் சொன்னார்! 1979-இல் பிரிக்ஸ் என்பவர், 'இறால் உடல்' உண்மையில் உடலே அல்ல, ஏதோ ஒரு பெரிய பிராணியின் உறுப்பு என்று காட்டினார். உடல் என்றால் அதனுள் குடலின் தடம் இருக்க வேண்டுமே, அது காணப்படவில்லை.

பிறகு விட்டிங்டன் ஒரு கல்லைப் பக்குவமாகச் செதுக்கியபோது, பெய்டோயா வட்டத்துடன் அத்தகைய முள் உறுப்புகள் சேர்ந்திருப்பது தெரிந்தது. வட்டம் பிராணியின் வாய்; 'இறால்' இரை பிடிக்கும் கை; 'கடல் வெள்ளரி' அதன் உடல். 1985-இல் விட்டிங்டனும் பிரிக்ஸும் இதை வெளியிட்டனர்.

ரயில் வண்டியையே பார்த்திராத ஒருவர் ஒரு பஃபர், ஒரு கப்ளிங், ஒரு சக்கரம் ஆகியவற்றைத் தனித்தனியே தோண்டி எடுத்தால், மூன்று இயந்திரங்கள் என்றுதானே எழுதிவைப்பார்? அவரைக் குறை சொல்ல முடியாது.

கதை அத்துடன் முடியவில்லை. அனோமலோகாரிஸின் வாய் வேறு, அதில் மூன்று பெரிய தட்டுகள் உண்டு என்று 2012-இல் நிறுவப்பட்டது. எனவே பெய்டோயாவும் லக்கானியாவும் ஒரே பிராணி. அனோமலோகாரிஸ் அதன் உறவினர். மூன்று ஒன்றாகி, இப்போது இரண்டில் நிற்கிறது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை:

1. கையிலிருப்பது முழுமையா, துண்டா என்பதே முதல் கேள்வி. உடைந்த விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

2. முழு உடல் என்று சொல்வதானால் வாயும் குடலும் எங்கே என்று கேளுங்கள்.

3. இரண்டு படிவங்கள் ஒட்டிக் கிடந்தால் 'தற்செயல்' என்று ஒதுக்காதீர்கள். 'ஒரே உடல்' என்றும் அவசரப்படாதீர்கள். வேறு கற்களிலும் அவை அப்படியே சேர்ந்து கிடக்கின்றனவா என்று தேடுங்கள்.

4. எந்த இடம், எந்தப் பாறை அடுக்கு என்று சீட்டு எழுதிக் கல்லுடனேயே வையுங்கள். வால்காட் சொன்ன முடிவு தவறாகியது. ஆனால் அவர் கல்லைப் பத்திரப்படுத்தியதால்தான் 67 ஆண்டுகளுக்குப் பின் அதே கல்லை இன்னொருவரால் எடுத்துப் பார்க்க முடிந்தது.

முடிவு தவறினால் பின்னால் வருபவர் திருத்துவார். கல் தொலைந்தால் திருத்த வழியே இல்லை.