மோட்டார் முனகாது: கிணற்று வேலைக்குப் போகும் தம்பிகளுக்குப் பத்து வார்த்தை

புதுச்சேரி மேட்டுப்பாளையம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் முடித்த பிள்ளைகள் கதிர்காமத்தில் என் வீட்டைத் தேடி வருகிறார்கள். கேட்பது இரண்டே விஷயம். போர்வெல்லில் தண்ணீரை அழுத்திப் பாறையைத் திறக்கிற ஹைட்ரோ வண்டியில் சேரலாமா? வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்றுப் பாறையைப் பிளக்கிற ஃபிராக் வேலைக்குப் போனால் தேறுமா? நான் டீசல் எஞ்சினில் தொழில் கற்றவன். கடைசிக் காலத்தில் ஜெனரேட்டர் வைத்து மோட்டாரில் ஓடும் பம்பையும் பார்த்துவிட்டுத்தான் ஓய்வுபெற்றேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எழுதி வைக்கிறேன்.

1. காலடியில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். நம் புதுச்சேரிக்கு அடியில் இருப்பது வண்டலும் மணற்கல்லும். கோரிமேட்டில் சிவப்பாகத் தெரிகிறதே, அது கடலூர் மணற்கல். முத்திரையர்பாளையத்து ஊற்றிலிருந்து டவுனுக்குத் தண்ணீர் கொண்டுபோனதன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியதுதான் பாரதி பூங்காவில் நிற்கிற ஆயி மண்டபம். அந்தத் தண்ணீரெல்லாம் மணல் இடுக்கில் நிற்பது. திறப்பதற்கு இங்கே கெட்டிப் பாறையே இல்லை. ஃபில்டர் பைப் இறக்கிய நம்மூர் போரில் ஹைட்ரோ வண்டியின் அழுத்தத்தைக் கொடுத்தால் பைப்தான் பிளக்கும். தெரிந்தவர் ஒருவர் "என் போரையும் அடிச்சுக் குடுப்பா" என்று கூப்பிட்டால், முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. இங்கே நமக்குள்ள தொல்லையே வேறு: கரையோரத்தில் அதிகமாக இறைத்தால் கடல்நீர் உள்ளே வரும். 2002ல் நிலத்தடி நீருக்கென்று தனிச்சட்டம் போட்டது அதனால்தான்.

மேற்கே போ. திண்டிவனம் தாண்டிச் செஞ்சி, திருவண்ணாமலை என்று போனால் நிலம் பாறையாக மாறும். உன் பிழைப்பு அங்கே.

2. வேலை என்ன என்பதை ஒரு மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும். திருச்செங்கோட்டு வண்டி வந்து ஆறரை அங்குல போர் போட்டுவிட்டுப் போய்விடும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், அல்லது நாலு வருஷத்தில் குறையும். பாறைக்குள் விரிசல் இருக்கும். போர்க்குழிக்கு அது எட்டாமல் இருக்கும், அல்லது சேறு அடைத்திருக்கும். நாம் பம்பைக் கழற்றி, கேசிங் முடிந்த இடத்துக்குக் கீழே கெட்டிப் பாறையில் ரப்பர் பேக்கரை இறக்கி உப்பவைப்போம். அதற்குக் கீழே தண்ணீரை அழுத்துவோம். விரிசல் வாய் திறந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கும். இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீர் தள்ளிவிட்டு, பேக்கரை இடம் மாற்றி மறுபடியும் செய்வோம். கடைசியில் கம்ப்ரசர் விட்டு ஊதிச் சுத்தம் செய்து, ஊறுகிற அளவைப் பார்ப்போம். எண்ணெய்க்காரர்கள் 1947ல் அமெரிக்காவின் கான்சாஸில் சோதித்துப் பார்த்த வித்தைதான் இது. குடிநீருக்கு வரும்போது மணலும் ரசாயனமும் கழன்று, வெறும் தண்ணீர் மட்டும் மிஞ்சியது.

அழுத்துகிற தண்ணீர் சுத்தமானதாக, குளோரின் போட்டதாக இருக்கட்டும். ஏரித் தண்ணீரை டேங்கரில் அள்ளிவந்து ஊற்றுகிறவனோடு வேலைக்குப் போகாதே. அந்த ஊர் அதைத்தான் குடிக்கப்போகிறது.

3. கணக்கு ஒன்றை மனப்பாடம் செய். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை எத்தனை பார் என்பதோடு பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட். 200 லிட்டர், 150 பார் என்றால் 50 கிலோவாட். பம்பிலும் பெல்ட்டிலும் போகிற நஷ்டத்தையும் சேர்த்தால் 60 கிலோவாட் மோட்டார் வேண்டும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார். அப்படியானால் 150 பார் எவ்வளவு உயரம் என்று நீயே போட்டுப் பார். மாடித் தொட்டிக் குழாயில் விரலை வைத்து அடைக்கிற பழக்கத்தை அன்றோடு விட்டுவிடுவாய்.

அந்த 60 கிலோவாட் மோட்டார் ஓடும்போது 105 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நேராக ஸ்டார்ட் பண்ணினால் அந்தக் கணம் ஆறு மடங்கு. ஊர்க்கோடியில் நிற்கிற 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் முழுசாகக் கொடுப்பதே 139 ஆம்பியர்தான். அதில் ஏற்கெனவே பத்து விவசாயப் பம்பு தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஊர்க் கம்பத்தில் கொக்கி மாட்டுகிற யோசனையே வேண்டாம். ஜெனரேட்டரும், மோட்டார் வேகத்தை மாற்றுகிற டிரைவும் சேர்ந்தே வண்டியில் வர வேண்டும்.

4. இனி முக்கியமான விஷயம். இதைத் தவிர மற்றதையெல்லாம் மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

டீசல் பம்பு காதுக்கு வேலை கொடுத்தது. அழுத்தம் ஏற ஏற எஞ்சின் திணறும், சத்தம் கனக்கும், புகை கறுக்கும். மீறினால் நின்றே போகும். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற பழைய ஆள்கூட "போதும், இறக்கு" என்று சொல்லிவிடுவார். மோட்டாருக்கு அந்தக் குணம் கிடையாது; பசித்தாலும் அழாத பிள்ளை அது. டிரைவில் ஓடுகிற மோட்டார் மெதுவாகச் சுற்றும்போதும் முழுப் பலத்தோடு தள்ளும். 60 பாரிலும் 160 பாரிலும் ஒரே ரீங்காரம். பைப் தாங்குமா, பேக்கர் தாங்குமா என்றெல்லாம் அதற்குக் கவலை இல்லை. காதை நம்பியவன் இங்கே ஏமாறுவான்.

அதற்குப் பதிலாக மோட்டார் வேறொன்றைக் கொடுத்திருக்கிறது: ஆம்பியர் மீட்டர். நம் பம்பு பிளஞ்சர் பம்பு. ஒரே வேகத்தில் ஓடும்போது அழுத்தம் ஏறினால் ஆம்பியரும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆக உன் கையில் இருப்பது இரண்டு கேஜ். செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்தில், குடத்தோடு பெண்கள் சுற்றி நிற்க, முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 40 பாரில் முள் நின்றுவிட்டது. கூட இருந்த பையன் "பாறை திறந்துடுச்சுண்ணே" என்று குதித்தான். ஆம்பியர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு கேஜைக் கழற்றினால் அதன் துவாரத்தில் களிமண் கட்டி. உள்ளே உண்மையில் என்ன அழுத்தம் இருந்தது என்பதை ஆம்பியர்தான் சொன்னது. துவாரத்தைக் குத்திச் சுத்தம் பண்ணி மறுபடி ஏற்றினோம். முள் நூறைத் தாண்டி, 120ஐத் தொட்டு, ஒரே மூச்சில் 60க்கு விழுந்தது; ஆம்பியரும் கூடவே விழுந்தது. திறந்தது என்றால் அப்படி இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் நம்பு. ஒத்துப்போகாவிட்டால் கையை ஸ்டாப் பட்டனுக்குக் கொண்டுபோ, யோசனை அப்புறம்.

அதிலும் ஒரு நுணுக்கம். வேகத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஆம்பியரும் தன்பாட்டுக்கு மாறும். ஒரு வேகத்தில் நிறுத்தி வைத்துப் படி. ஐந்து பாருக்கு ஒருமுறை ஆம்பியரை நோட்டில் குறி. மூன்று கிணறு முடிவதற்குள் உன் பம்பின் ஜாதகமே நோட்டில் இருக்கும்.

5. மூடிய வால்வுக்கு எதிராக பிளஞ்சர் பம்பை ஓட்டாதே. தோட்டத்து சென்ட்ரிஃபியூகல் பம்பு வால்வை மூடினாலும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இது அப்படி விடாது, ஏதாவது ஒன்று உடையும்வரை தள்ளும். ரிலீஃப் வால்வு, டிரைவில் அழுத்த டிரிப், டார்க் லிமிட் மூன்றும் இருக்க வேண்டும். மூன்றையும் காலையில் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்கு. அடிக்கடி டிரிப் ஆகிறது, தொந்தரவு என்று ஒயர் போட்டு பைபாஸ் பண்ணச் சொல்கிற மேஸ்திரி எல்லா ஊரிலும் இருப்பார். பதில் பேசாமல் ஒயரைப் பிடுங்கு.

6. ஆஃப் பண்ணிய டிரைவ் செத்த பாம்பு என்று நினைக்காதே. 415 வோல்ட் உள்ளே போனால் டிசி பக்கம் 580க்கு மேல் நிற்கும். மெயினை இறக்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சில நிமிஷம் தங்கும். எத்தனை நிமிஷம் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். அவ்வளவு நேரம் காத்திரு, பிறகு மீட்டர் வைத்து அள, பிறகு கை வை. நாம் வேலை செய்கிற இடமெல்லாம் ஈரம். தண்ணீர் பீய்ச்சிய சேற்றில்தான் நிற்போம். ஜெனரேட்டர் பாடியும் மோட்டார் பாடியும் ஒரே எர்த்தில் சேர்ந்திருக்கிறதா என்று வண்டி நிற்கிற ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் பார்.

7. கசிவைக் கையால் தடவிப் பார்க்காதே. ஊசி முனை ஓட்டையிலிருந்து வருகிற நீர் தோலைத் துளைத்து விரலுக்குள் போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இராது, உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்துக் கண்டுபிடி. யாருக்காவது பட்டுவிட்டால் பிளாஸ்டர் ஒட்டி உட்காராமல் அந்த மணியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், "அதிக அழுத்தத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்.

8. எண்ணெய்க் கிணற்றுக்குப் போகிறவனுக்கு. அங்கே அளவே வேறு. ஒரு பம்பு 2,000, 2,500 குதிரைசக்தி. அப்படிப் பதினைந்து, இருபது நிற்கும். அமெரிக்காவில் 2014லிருந்து இதை மோட்டாரில் ஓட்டுகிறார்கள். மின்சாரத்துக்குக் கேஸ் டர்பைன் ஒன்றை டிரெய்லரில் கொண்டுவந்து, அந்த வயலில் கிடைக்கிற எரிவாயுவையே எரிக்கிறார்கள். ஒரு அணிக்கு 30 மெகாவாட்டுக்கு மேல் தேவைப்படும். காரைக்காலில் நம் அரசின் எரிவாயு மின்நிலையம் மொத்தமே 32.5 மெகாவாட். அவ்வளவையும் ஒரு கிணற்றடியில் இறக்குகிறார்கள் என்று நினைத்துப் பார். டீசல் செலவும் புகையும் சத்தமும் குறைகிறது என்பது உண்மைதான். கேபிளும் சுவிட்ச்கியரும் கூடுவதால் எலக்ட்ரீஷியனுக்கு மரியாதையும் கூடும், ஆபத்தும் கூடும்.

அங்கே தண்ணீரோடு மணலும் போகும், திறந்த விரிசல் மூடிக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்க. மணலைச் சுமக்கத் தண்ணீரைக் கொழகொழப்பாக்குவது பெரும்பாலும் குவார் கோந்து, அதாவது நாம் பொரியல் பண்ணுகிற கொத்தவரையின் விதை. ராஜஸ்தானில் விளைவது. 2012ல் அமெரிக்கக் கிணறுகளுக்காக அதன் விலை ஏறிய ஏற்றத்தில் அங்கே பல விவசாயிகள் டிராக்டர் வாங்கினார்கள்.

குழாய்களை இணைக்கிற ஹாமர் யூனியனில் 602, 1502 என்று நம்பர் அடித்திருக்கும். ஒன்று 6,000 பிஎஸ்ஐ, இன்னொன்று 15,000. இரண்டு அங்குலத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், சுத்தியல் அடித்தால் இறுகின மாதிரியும் இருக்கும். அழுத்தம் ஏறியதும் கழன்று பறக்கும். உலகம் முழுக்க இதனால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். நம்பரைத் துணியால் துடைத்து, கண்ணால் படித்த பிறகே மாட்டு. சேறு பூசி நம்பர் தெரியாவிட்டால் அதைத் தூக்கி ஓரமாகப் போடு.

9. ஊர்க்காரர்கள் கேள்வி கேட்டால் எரிச்சல்படாதே. 2017ல் நெடுவாசல் எரிவாயு எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்த மக்கள் அவர்கள். வண்டியைப் பார்த்ததும் "மீத்தேனா?" என்று கேட்பது நியாயம். இதில் வெறும் தண்ணீர்தான் என்று தொட்டியைத் திறந்து காட்டு. எண்ணெய்க் கிணற்று வேலையும் இதுவும் ஒன்றல்ல என்பதை விளக்கு. ஆனால் எண்ணெய் வேலையில் ரசாயனமே இல்லை என்று யாருக்காகவும் பொய் சொல்லாதே. டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு 2020ல் சட்டம் போட்டது. நடுவில் இருக்கிற காரைக்கால் நம் யூனியன் பிரதேசம் என்பதால் அந்தச் சட்டம் அங்கே செல்லாது. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று நிலத்துக்கு அடியில் இருக்கிற பாறைக்குத் தெரியாது என்பது என் அபிப்பிராயம். நீ ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றையும் போய் எட்டிப் பார், வேலைக்கு முன்னும் பின்னும். விரிசல் நம் இஷ்டப்படி ஓடாது. அங்கே தண்ணீர் கலங்கினால் உன் விரிசல் அந்தக் கிணற்றைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இந்தப் போரில் கூடியதில் ஒரு பங்கு அந்தத் தோட்டக்காரருடையது. மறைக்காமல் இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டு வா.

10. கிளம்புவதற்கு முன் காகிதம் எழுதிக் கொடு. பேக்கர் நின்ற ஆழம், ஒவ்வொரு ஆழத்திலும் திறந்த அழுத்தம், உள்ளே போன லிட்டர், வேலைக்கு முன்னும் பின்னும் ஊறிய அளவு, தேதி. ஊதிய கையோடு அளந்தால் நாம் உள்ளே விட்ட தண்ணீரே திரும்பி வந்து கணக்கைக் கூட்டிக் காட்டும். ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் மணிக்கணக்கில் இறைத்துப் பார்த்து அள. பஞ்சாயத்து ஆபீசில் ஒரு பிரதி, மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் ஒரு பிரதி. சப்மெர்சிபிளை மறுபடி இறக்க வருகிறவனுக்கு எத்தனை குதிரைசக்தி போடலாம் என்று அதிலிருந்துதான் தெரியும். எழுத்து புரியவில்லை என்று போன் பண்ணிக் கேட்பான், அதனால் உன் நம்பரையும் கீழே போடு.