உச்சிக்குழி வழியே ஒரு பார்வை

மனிதனின் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரை அதிர்வுகள் கொண்ட ஒலியையே கேட்க வல்லது. அதற்கு மேற்பட்ட அதிர்வெண் உடைய ஒலியை மீயொலி என்கிறோம். வௌவால் இருளில் வழி அறிவது மீயொலியின் எதிரொலியைக் கொண்டே என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதே முறை, பிறந்து ஒரு நாளே ஆன குழந்தையின் மூளையைக் காணவும் பயன்படுகிறது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் அதன் அடிப்படையை இங்கு விளக்க முயல்கிறேன்.

எலும்பு என்னும் தடை

ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குள் ஒலி நுழையும்போது, அதில் ஒரு பகுதி எல்லையிலேயே திரும்பிவிடும். இரண்டு ஊடகங்களும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவுக்குத் திரும்பும் பகுதியும் மிகும். மென்மையான தசைக்கும் எலும்புக்கும் இவ்வேறுபாடு மிகப் பெரிது. மேலும், உள்ளே புகும் ஒலியையும் எலும்பு உறிஞ்சிவிடும். ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் டூசிக் 1942-இல் மண்டையோட்டின் வழியே மீயொலியைச் செலுத்தி மூளை அறைகளைப் படமெடுத்ததாக அறிவித்தார். ஆனால் அப்படங்களில் தெரிந்தவை பெரும்பாலும் எலும்பினால் விளைந்த தோற்றங்களே என்பது 1950-களில் தெளிவாயிற்று.

இயற்கை வைத்த சன்னல்

பிறந்த குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் முழுவதும் இணைந்திருப்பதில்லை. நெற்றிக்கு மேலே, சவ்வு மட்டுமே மூடிய இடைவெளி ஒன்று உண்டு. பாட்டிமார் எண்ணெய் வைக்கும்போது விரலை அழுத்தாமல் தடவும் உச்சிக்குழிதான் அது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதிற்குள் இது மூடிவிடும். அதுவரை மீயொலிக்கு இது ஒரு சன்னல். 1970-களின் பிற்பகுதியில் மருத்துவர்கள் இச்சன்னலைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

கருவியின் உயிர்நாடி, 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த அழுத்தமின் விளைவாகும். மின்னழுத்தம் கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும் பொருளே, திரும்பி வரும் எதிரொலியை மீண்டும் மின்னாக மாற்றுகிறது. திசுக்களில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர். எனவே 5 செ.மீ. ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப 65 மைக்ரோ நொடிகளே ஆகும். அதிர்வெண் 7.5 மெகா ஹெர்ட்ஸ் எனில் அலைநீளம் சுமார் 0.2 மி.மீ. இவ்வளவு சிறிய அலையாதலால்தான் நுண்ணிய மாற்றங்களும் புலப்படுகின்றன. திரையில் நீர் நிறைந்த அறைகள் கறுப்பாகவும், புதிய இரத்தக் கசிவு வெண்மையாகவும் தோன்றும்.

மறைந்திருக்கும் ஆபத்து

குறைமாதக் குழந்தைகளின் மூளை அறைகளை ஒட்டிய இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை, எளிதில் உடைபவை. லூ-ஆன் பாப்பில் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும், 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த 46 குழந்தைகளைச் சி.டி. கருவியால் ஆராய்ந்து 1978-இல் முடிவை வெளியிட்டனர். 20 குழந்தைகளுக்குக் கசிவு இருந்தது. உயிர் பிழைத்தவர்களில், கசிவு இருந்தும் வெளியே எந்த அறிகுறியும் காட்டாத குழந்தைகள் மட்டும் 7 பேர்! அவர் வகுத்த நான்கு படிநிலைகளையே மீயொலிப் படங்களுக்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். சி.டி.க்குக் குழந்தையைத் தூக்கிச் செல்ல வேண்டும். எக்ஸ் கதிரும் படும். மீயொலிக் கருவியோ குழந்தை இருக்கும் இடத்திற்கே வருகிறது.

என் அக்காளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்தபோது, அதன் தலையில் இக்கருவியை வைத்தார்கள். “பச்சப் புள்ள மூளைக்குக் கரண்டு வைக்கிறாங்களாடா?” என்று என் தாயார் கலங்கிக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருவனே. பதில் சொல்ல வேண்டியவனும் நானே. உள்ளே செல்வது மின்சாரமன்று, ஒலி. எக்ஸ் கதிரும் இதில் இல்லை. பூசுவது மருந்தன்று, இடையிலுள்ள காற்றை நீக்கும் ஜெல் என்று விளக்கினேன். முதல் படத்தில் குறை எதுவும் இல்லை. ஆயினும் சில வாரங்கள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். “ஒண்ணுமில்லேன்னுட்டு எதுக்கு மறுபடியும்?” என்பது தாயாரின் அடுத்த கேள்வி.

ஏன் மறுபடியும்?

இக்கேள்விக்கு விடை மூளையிலேயே உள்ளது. இரத்தக் கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் நிகழ்வது. ஆனால் இரத்த ஓட்டக் குறைவால் மூளையின் வெண்பொருள் சிதைந்திருந்தால், அங்கு நீர்ப்பைகள் உருவாகிக் கண்ணுக்குத் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். கசிவுக்குப் பின் மூளை அறைகளில் நீர் தேங்கி அவை பெருப்பதும் நாட்கள் சென்றே தெரியவரும். அதை உரிய நேரத்தில் கண்டால், குழாய் பொருத்தி அந்நீரை வயிற்றுப் பகுதிக்குத் திருப்பிவிட முடியும். வெண்பொருள் சேதத்தை மாற்ற இயலாது. எனினும் கைகால் பயிற்சிகளை முன்கூட்டியே தொடங்கலாம்.

மூளையின் ஓரப் பகுதிகளையும் சிறுமூளையையும் இச்சன்னல் வழியே நன்கு காண்பது அரிது. அங்கு எம்.ஆர்.ஐ. கருவியே சிறந்தது. ஆயினும் முதற் பார்வைக்கு மீயொலிக்கு இணை வேறில்லை.

முதல் படம் நன்றாக இருக்கிறது என்றதும் நிம்மதியடைந்து, பேருந்துச் செலவையும் ஒரு நாள் கூலியையும் எண்ணி, மறுமுறை போகாமல் இருந்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. உச்சிக்குழி என்னும் சன்னல் சில மாதங்களே திறந்திருக்கும். அழைத்த நாளில் குழந்தையை எடுத்துச் செல்லுங்கள் என்று நம் வீட்டாருக்கும் தெருவினருக்கும் எடுத்துரைப்பது, அறிவியல் பயிலும் நம் கடமையாகும்.